தமிழில் யோசியுங்கள், தமிழில் எழுதாதீர்கள்: ஜப்பானிய மொழியின் முதல் ஆறு மாதம்

வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போய்ட்டு வரேன்" என்கிறோம். ஜப்பானியர்கள் "இத்தெ கிமாஸ்" என்பார்கள். இத்தெ என்றால் போய், கிமாஸ் என்றால் வருகிறேன். வழியனுப்புகிறவர் இங்கே "போய்ட்டு வாங்க" என்பார்; அங்கே "இத்தெ ரஷ்ஷாய்", அதே பொருள். ஆங்கில வழியில் எழுதிய பாடநூலுக்கு இதை விளக்க ஒரு பத்தி வேண்டும். உங்களுக்கு ஒரு வரி போதும்.

ஜப்பானிய வாக்கியத்தைத் தமிழில் யோசித்துக் கட்டுங்கள். ஜப்பானியச் சொல்லைத் தமிழெழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதிப் படிக்காதீர்கள். முதலாவது உங்கள் வேலையில் பாதியை மிச்சப்படுத்தும். இரண்டாவதைச் செய்தால், மிச்சமான நேரமெல்லாம் பிற்பாடு உச்சரிப்பைத் திருத்துவதில் கரைந்துபோகும். கீழே ஜப்பானியச் சொற்கள் தமிழெழுத்தில்தான் இருக்கின்றன. அடையாளத்துக்காக மட்டுமே அவை. நோட்டில் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள்.

1. உட்காருமுன் நேரத்தையும் செலவையும் கணக்குப் போடுங்கள்

ஜப்பானிய மொழித் திறன் தேர்வில், அதாவது ஜேஎல்பிடியில், ஐந்து நிலைகள். என்5 அடிமட்டம், என்1 உச்சம். 2010க்கு முன்பு நான்கு நிலைகள் இருந்தபோது, கடைசி நிலைக்கு 150 மணி நேரப் படிப்பு என்று சொல்லியிருந்தார்கள். இன்றைய என்5க்கும் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். தினமும் 45 நிமிடம் என்றால் 200 நாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் ஏறத்தாழ ஒன்பது மாதம்; அதோடு வாரா வாரம் பாதியை மறந்துவிட்டு வருவீர்கள். தினம் 45 நிமிடத்தையும் ஒரே மூச்சில் உட்காராமல், காலையில் 15, பயணத்தில் 15, இரவில் 15 என்று பிரித்துக்கொள்வது சுலபம்.

முதல் இரண்டு மாதத்துக்கு வாங்க வேண்டியது இவ்வளவுதான்: கட்டம் போட்ட கணக்கு நோட்டு இரண்டு, எச்பி பென்சில், ரப்பர். நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் போகாது. பாடநூலுக்கு, ஜப்பான் ஃபவுண்டேஷன் 'இரோதோரி' என்ற தொகுப்பை பிடிஎஃப்பும் ஒலிப்பதிவுமாக இலவசமாகவே தருகிறது. கடைக்குப் போவது, மருத்துவமனையில் பேசுவது, பக்கத்து வீட்டாருக்கு வணக்கம் சொல்வது என்று ஜப்பானில் வாழ்கிறவருக்கு வேண்டியதை வைத்துக் கட்டிய பாடங்கள். தொடக்கத்திலேயே ஆயிரக்கணக்கில் புத்தகம் வாங்கி அடுக்கினால் அலமாரிதான் ஜப்பானியம் படிக்கும்.

எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஆசைக்காக என்றால் அவசரமில்லை. 'குறிப்பிட்ட திறன்' விசாவில் வேலைக்குப் போவது நோக்கமென்றால் என்5 போதாது. என்4 வேண்டும், அல்லது கணினியில் எழுதும் ஜேஎஃப்டி-பேசிக் தேர்வில் 250க்கு 200 எடுக்க வேண்டும். என்5 சான்றிதழை மட்டும் நம்பி, வேலை கிடைக்கும் என்று சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

2. முதல் வாரம்: புத்தகத்தைத் திறக்காதீர்கள்

முதல் வாரம் காதுக்கு. ஜப்பானில் 'ராஜியோ தைசோ' என்றொரு வானொலி உடற்பயிற்சி உண்டு. 1928இல் தொடங்கியது, இன்றும் என்எச்கே வானொலியில் காலை 6.30க்கு வருகிறது. நமக்கு அது அதிகாலை 3 மணி என்பதால் நேரலையை விட்டுவிட்டு இணையத்தில் கிடைக்கும் பதிவைப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று நிமிடச் சொச்சம். பியானோவோடு "இச்சி, நி, சன், ஷி, கோ, ரோகு, ஷிச்சி, ஹச்சி" என்று எட்டு வரை எண்ணுவார்கள். ஏழு நாள் கைகாலை ஆட்டினால் எண்கள் உடம்பிலேயே பதிந்துவிடும்.

முதல் அசைவுக்கு வரும் கட்டளையைக் கவனியுங்கள்: "உதெ ஓ மாஎ கர உஎ நி அகெதெ". கை-ஐ, முன்-இருந்து, மேல்-க்கு, தூக்கி. சொல்லுக்குச் சொல் தமிழ் வரிசை. இலக்கணப் பாடம் இன்னும் தொடங்கவில்லை, அதற்குள் மூன்று உருபுகளைக் கேட்டுவிட்டீர்கள்.

இந்த வாரமே சரிசெய்ய வேண்டிய ஒரு சிக்கல், தமிழர்களுக்கென்றே உள்ளது. தமிழில் க, த, ப சொல்லின் நடுவே தனியாக வந்தால் தானாக மெலிந்துவிடும். 'தங்கம்' என்பதில் முதல் த வல்லொலி, 'பாதம்' என்பதில் வரும் த மெல்லொலி. நாம் இதை உணர்வதே இல்லை. ஜப்பானியத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு பொருள். 'மத' என்பதை வன்மையான த போட்டுச் சொன்னால் 'மறுபடியும்'. மென்மையாகச் சொன்னால் 'இன்னும் இல்லை'. 'ககி' என்பதில் இரண்டாவது எழுத்து வன்மையானால் ஒரு பழம், மென்மையானால் சாவி. நம் வாய் எல்லாவற்றையும் மென்மையாக்கும். வதஷி (நான்), அதமா (தலை), தகாய் (விலை அதிகம்) மூன்றிலும் நடுவில் இருப்பது வல்லொலி. 'பத்து' என்று சொல்லும்போது நாக்கு எங்கே முட்டுகிறதோ அங்கேயே முட்டவிட்டு, ஆனால் இரட்டிக்காமல், ஒற்றையாகச் சொல்லிப் பழகுங்கள். போனில் உங்கள் குரலைப் பதிவு செய்து, மூலத்தோடு அடுத்தடுத்துக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். தமிழெழுத்தில் எழுதாதீர்கள் என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

மற்ற ஒலிகளில் நமக்கு யோகம். குறில் நெடில் பேதம் நம் ரத்தத்தில் இருக்கிறது: ஒபசன் என்றால் அத்தை வயதுப் பெண், ஒபாசன் என்றால் பாட்டி. ஒற்று இரட்டிப்பதும் புதிதல்ல: கிதெ என்றால் வந்து, கித்தெ என்றால் தபால்தலை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் இடங்கள் இவை.

3. ஹிரகானா: பத்து நாள், 46 எழுத்து

ஹிரகானா என்பது ஜப்பானியத்தின் அடிப்படை எழுத்து வரிசை. அதில் உயிரெழுத்து ஐந்து: அ, இ, உ, எ, ஒ. நம் குறில் வரிசையேதான். அப்புறம் க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் அரிச்சுவடி வாசனை அடிக்கிறதா? அடிக்கத்தான் வேண்டும், பௌத்தத் துறவிகள் கொண்டுபோன இந்திய எழுத்து முறையை ஒட்டி அமைந்த வரிசை அது.

நாளொன்றுக்கு ஐந்து எழுத்து. கட்டத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றையும் இரண்டு வரி மட்டும். பத்துப் பக்கம் எழுதித் தள்ளினால் கை படிக்கும், கண் படிக்காது. கோடு இழுக்கும் வரிசையைப் பார்த்து எழுதுங்கள்: பொதுவாக மேலிருந்து கீழ், இடமிருந்து வலம்.

போனில் இதைவிட நல்ல பயிற்சி ஒன்று இலவசமாகக் கிடக்கிறது. கூகுளின் ஜிபோர்டு செயலியில் ஜப்பானிய விசைப்பலகையைச் சேர்க்கும்போது 'குவர்ட்டி' என்பதைத் தவிர்த்து, 12 விசை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு விசையிலும் ஒரு வரிசையின் அகரம் இருக்கும். க-வைத் தொட்டால் க. தொட்டு இடப்பக்கம் இழுத்தால் கி, மேலே கு, வலப்பக்கம் கெ, கீழே கொ. ஜப்பானில் பலரும் போனில் இப்படித்தான் தட்டுகிறார்கள். மூன்றே நாளில் வரிசை மனப்பாடமாகிவிடும். குவர்ட்டியைத் தேர்ந்தால் ஆங்கில எழுத்திலிருந்து விடுதலையே கிடைக்காது.

குழப்பும் எழுத்துகளைத் தனித்தனியாகப் படிக்காமல் ஜோடியாக எதிரெதிரே வைத்துப் படியுங்கள்: நெ-ரெ-வ, நு-மெ, ஹ-ஹொ, ரு-ரொ, ஸ-கி-சி. கி, ஸ இரண்டும் அச்சில் ஒரு மாதிரியும் கையெழுத்தில் வேறு மாதிரியும் இருக்கும். அச்சில் சேர்ந்திருக்கும் கோடு கையெழுத்தில் விட்டுப்போகும். தப்பாக அச்சடித்துவிட்டார்களோ என்று திகைக்க வேண்டாம்.

46 முடிந்ததும் மேலே இரண்டு சிறு கோடு போட்டால் மெல்லொலி, சிறு வட்டம் போட்டால் ப வரிசை. அது ஒருநாள் வேலை. பதினோராம் நாளிலிருந்து நோட்டில் ஆங்கில எழுத்து ஒன்றுகூட இருக்கக் கூடாது. ரோமாஜி என்று சொல்லும் ஆங்கில எழுத்து முறையை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொண்டவர்கள் படிக்கும் வேகத்தில் என்றைக்கும் பின்தங்கியே இருப்பார்கள்.

4. கத்தகானா: எழுத்தாகப் படிக்காதீர்கள், விடுகதையாக அவிழுங்கள்

வெளிநாட்டுச் சொற்களை எழுதுவது கத்தகானாவில். அதே 46 ஒலி, வேறு வடிவம். பட்டியலாகப் படித்தால் சலித்துப்போகும். ஜப்பானிய உணவகம் ஒன்றின் மெனுவை இணையத்தில் எடுத்துவைத்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். ஐஸுகுரீமு, கொன்ப்யூதா, ஹொதெரு, தொயிரெ. இரண்டு மூன்று முறை வேகமாகச் சொன்னால் ஆங்கிலச் சொல் எட்டிப் பார்க்கும். ஒரு நாளைக்குப் பத்துச் சொல். குழந்தைகளோடு சேர்ந்து செய்தால் அவர்கள் உங்களை முந்திவிடுவார்கள்.

ஏமாற்றும் சொற்களும் உண்டு. மன்ஷோன் என்பது மாளிகை அல்ல, அடுக்குமாடிக் குடியிருப்பு. கொன்செந்தோ என்றால் சம்மதம் அல்ல, சுவரில் இருக்கும் மின் பிளக் துளை. கடைக்காரர் 'ஸாபிஸு' என்றால் இலவசமாகத் தருகிறார். ரொட்டிக்கு 'பன்' என்பார்கள், போர்த்துக்கீசியரிடம் எடுத்தது. இலங்கையில் 'பாண்' வாங்குகிறவர்களுக்கு இந்தச் சொல்லை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

வடிவத்தில் பெரிய தொல்லை இரண்டு ஜோடி: ஷி-த்ஸு, ஸொ-ன். ஷி, ன் இரண்டிலும் சிறு கோடுகள் இடது ஓரத்தை ஒட்டி நிற்கும், நீளக்கோடு கீழிருந்து மேலே ஏறும். த்ஸு, ஸொ இரண்டிலும் சிறு கோடுகள் மேல் ஓரத்தை ஒட்டி நிற்கும், நீளக்கோடு மேலிருந்து கீழே இறங்கும். எழுதும் திசையைக் கை அறிந்தால் கண்ணும் பிரித்துவிடும்.

உங்கள் பெயரைக் கத்தகானாவில் எழுதிப் பாருங்கள். ல, ள, ர, ற, ழ எல்லாம் ஒரே ர-வுக்குள் அடங்க வேண்டும். செல்வி 'செருபி' ஆவாள். சங்கடமாகத்தான் இருக்கும். ஒரு வடிவத்தை முடிவு செய்துவிட்டால் எல்லாப் படிவத்திலும் அதையே எழுதுங்கள்.

5. வாக்கியம்: தமிழ்ச் சட்டகத்தில் சொல்லை மாற்றிப் போடுங்கள்

மகிழ்ச்சி கிடைக்கும் பகுதி இதுதான். நோட்டின் நடுப்பக்கத்தில் இந்த உருபுகளை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்: ஓ என்றால் ஐ, நி என்றால் கு, கர என்றால் இருந்து, மதெ என்றால் வரை, நோ என்றால் உடைய, மோ என்றால் உம், தோ என்றால் என்று, கடைசியில் வரும் க என்றால் கேள்விக்குறியான ஆ.

சென்னை கர தோக்கியோ மதெ: சென்னையிலிருந்து டோக்கியோ வரை. வதஷி மோ: நானும். இகிமாஸ் க: போகிறீர்களா? கினோ கத்த ஹோன்: நேற்று வாங்கிய புத்தகம். கடைசியில் உள்ளதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், வரிசையே தலைகீழாகும். நமக்கு நம் பெயரெச்சம்தான்.

சுட்டெழுத்தில் இன்னும் ஓர் ஆச்சரியம். கொரெ, சொரெ, அரெ, தொரெ. என் பக்கத்தில் இருப்பது, உங்கள் பக்கத்தில் இருப்பது, இருவருக்கும் தள்ளி இருப்பது, எது என்ற கேள்வி. தமிழின் இ, உ, அ, எ அச்சுப் பிசகாமல் வந்து உட்கார்கிறது. தமிழ்நாட்டில் 'உது' வழக்கொழிந்துவிட்டதால் சொரெயில் தடுமாறுவார்கள்; யாழ்ப்பாணத்தில் இன்னும் "உது என்ன?" என்று கேட்கிறவர்களுக்குத் தடுமாற்றமே இல்லை.

எல்லாவற்றையும்விட நம்மைக் கைதூக்கிவிடுவது 'தெ' வடிவம். அது நம் வினையெச்சம். தபெதெ என்றால் சாப்பிட்டு. அதன்மேல் துணைவினையை ஏற்றுங்கள்: தபெதெ மிரு, சாப்பிட்டுப் பார். தபெதெ ஷிமவு, சாப்பிட்டுவிடு. கைதெ ஒகு, எழுதி வை. கத்தெ குரு, வாங்கி வா. மிரு என்றால் தனியாக 'பார்', ஒகு என்றால் 'வை', குரு என்றால் 'வா' என்பதுதான் வேடிக்கை. பாடநூல்கள் இவற்றைப் பல பாடங்களில் சிதறவிட்டிருக்கும். நீங்கள் ஒரே பக்கத்தில் சேர்த்து எழுதிவிடுங்கள்.

தெ வடிவத்தை உருவாக்கும் விதிகளை மட்டும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். உ, த்ஸு, ரு-வில் முடிந்தால் 'த்தெ'. மு, பு, நு-வில் முடிந்தால் 'ந்தெ'. கு-வில் முடிந்தால் 'இதெ'. ஸு-வில் முடிந்தால் 'ஷிதெ'. மென்மையான கு-வுக்கு வரும் 'இதெ'யும் மென்மையாகும். விதிக்கு அடங்காத ஒன்று: இகு (போ) 'இத்தெ' ஆகும், அதை "இத்தெ கிமாஸ்" மூலம் ஏற்கனவே அறிவீர்கள். தபெரு போன்ற இன்னொரு வகை வினைகளில் கடைசி ரு-வைக் கழற்றிவிட்டு 'தெ' சேர்த்தால் போதும். ஏதாவது சினிமா மெட்டில் போட்டு வீட்டில் பாடிக்கொண்டிருந்தால் நான்கு நாளில் ஏறிவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஏறிவிடும் என்பதுதான் சிக்கல்.

பயிற்சிக்கு, வீட்டு வாட்ஸாப் குழுவில் அன்று வந்த செய்திகளில் ஐந்தை எடுத்து மாற்றுங்கள். "பால் வாங்கிட்டு வா", "நான் ஆபீஸ்ல இருக்கேன்". பாடநூல் வாக்கியத்தைவிட இவை சீக்கிரம் நினைவில் நிற்கும்.

6. தமிழே காலை வாரும் இடங்கள்

'இல்' என்ற ஒரே உருபை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். சென்னையில் இருக்கிறேன், சென்னையில் வேலை செய்கிறேன். ஜப்பானியத்தில் இருப்பதற்கு 'நி', செய்வதற்கு 'தெ'. (இந்த 'தெ' மெல்லொலி, வினையெச்சத்தின் 'தெ' அல்ல.) தமிழர்கள் செய்யும் பிழைகளில் முதலிடம் இதற்குத்தான். இடப்பெயரைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு, அடுத்து வருவது இருப்பா செயலா என்று ஒரு கணம் யோசியுங்கள்.

'இரு' என்பதற்கு அங்கே இரண்டு சொல். உயிருள்ளவற்றுக்கு 'இரு', உயிரற்றவற்றுக்கு 'அரு'. உயர்திணை, அஃறிணை என்று நினைத்துக்கொண்டு பூனைக்கு 'அரு' போடாதீர்கள். பூனையும் நாயும் அங்கே மனிதரோடுதான். மரம் உயிருள்ளதே என்று வாதாடவும் வேண்டாம், மரத்துக்கு 'அரு'தான்.

'வ', 'க' என்ற இரண்டு எழுவாய்க் குறிகளைப் பற்றி முதல் மாதமே ஆராய்ச்சியில் இறங்குகிறவர்கள் திரும்பி வருவதில்லை. இப்போதைக்கு ஒரே விதி: யார், எது, என்ன என்ற கேள்விச் சொல் எழுவாயாக வந்தால் 'க', பதிலிலும் 'க'. மற்றபடி 'வ' போட்டுக்கொண்டு போங்கள். (இந்த 'க' மெல்லொலி, வாக்கியக் கடைசியில் வரும் கேள்விக் 'க' வல்லொலி.)

பெயரடைக்குக் காலம் உண்டு. நேற்றுக் குளிராக இருந்தது என்பதற்கு 'சமுய் தெஷித' என்று சொல்லத் தோன்றும், தவறு. 'சமுகத்த தெஸ்' என்று பெயரடையையே இறந்தகாலமாக்க வேண்டும்.

'நீங்கள்' என்பதற்குப் பாடநூலில் 'அனத' என்று இருக்கும். எதிரில் இருப்பவரைப் பார்த்து அப்படிச் சொல்லாதீர்கள். பெயரோடு 'சன்' சேர்த்து அழையுங்கள். உங்கள் பெயருக்கு நீங்களே சன் போட்டுக்கொள்ளக் கூடாது. அறிமுகமில்லாதவரை அண்ணா, அக்கா என்று அழைப்பதுபோல அங்கேயும் உறவுச்சொல் வழக்கு உண்டு. ஆனால் முப்பது வயதுப் பெண்ணை ஒபசன் என்று அழைத்தால், இங்கே 'ஆன்ட்டி' என்றால் கிடைக்கும் அதே பார்வை கிடைக்கும்.

எண்களிலும் ஒரு குழி. அங்கே பெரிய எண்ணுக்கு அடிப்படை பத்தாயிரம், அதாவது 'மன்'. ஒரு லட்சம் பத்து மன், ஒரு கோடி ஆயிரம் மன். மில்லியன் வழியாகப் போனால் இரண்டு முறை தடுமாறுவீர்கள். லட்சத்திலிருந்து நேராகப் போங்கள். பொருள்களை எண்ண வடிவத்துக்கு ஒரு விகுதி என்று பெரிய பட்டியல் உண்டு. இப்போதைக்கு ஹிதொத்ஸு, ஃபுதத்ஸு என்று தொடங்கும் பொது எண்களைப் பத்து வரை கற்றுக்கொண்டால் கடையில் எதையும் வாங்கிவிடலாம்.

7. விளையாட்டு: தினம் பத்து நிமிடம்

ஷிரிதொரி நம் அந்தாதியின் தம்பி. ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும்: சகன (மீன்), நத்ஸு (கோடை), த்ஸுகுஎ (மேசை), எகி (ரயில் நிலையம்), கித்தெ (தபால்தலை), தெகமி (கடிதம்), மிகன் (ஆரஞ்சு). ன்-இல் முடிந்ததும் ஆட்டம் போச்சு. அந்த எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. தனியாக இருந்தால் நோட்டில் எழுதியே விளையாடலாம். ஐம்பது சொல் தெரிந்தாலே ஆட்டம் நகரும், அதனால் இரண்டாம் மாதமே தொடங்கலாம்.

இரட்டைக்கிளவி சேகரியுங்கள். பளபள, சடசட, படபட என்று வளர்ந்தவர்களுக்கு ஜப்பானியம் தாய்வீடு. நெஞ்சு தொகிதொகி என்று அடித்துக்கொள்ளும். நட்சத்திரம் கிரகிர என்று மின்னும். மழை ஸாஸா என்று கொட்டும், ஷிதொஷிதொ என்று தூறும். பசித்தால் வயிறு பெகொபெகொ. மடமடவென்று ஒரு மொழியைப் பேசுகிறவர் பெரபெர. என்5 வினாத்தாளுக்கு இவை அவ்வளவாக உதவாது. பேச்சிலும் காமிக்ஸிலும் வரிக்கு ஒன்று வரும்.

சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்துகளுக்குக் கன்ஜி என்று பெயர். வார நாள்களை வைத்து முதல் ஏழு கன்ஜியைப் பிடித்துவிடலாம். ஞாயிறு சூரியன், திங்கள் சந்திரன்: அங்கேயும் அப்படியே. செவ்வாய் நெருப்பு, புதன் நீர், வியாழன் மரம், சனி மண். அந்தந்தக் கோளுக்கு அவர்கள் வைத்த பெயரின் முதல் எழுத்து அது. வெள்ளிக்கிழமையை மட்டும் அவர்கள் தங்கம் ஆக்கிவிட்டார்கள்.

8. படம் பார்ப்பது படிப்பாக வேண்டுமென்றால்

ஆங்கில வசன வரிகளோடு நூறு மணி நேரம் அனிமே பார்த்தால் ஆங்கிலம் வளரும். பார்க்க வேண்டிய முறை வேறு. பள்ளிக்கூடம், குடும்பம், சமையல் என்று சாதாரண வாழ்க்கையைச் சொல்லும் தொடரை எடுங்கள். ஒரு நாளைக்கு 15 விநாடி மட்டும். வசன வரி இல்லாமல் மூன்று முறை கேளுங்கள். ஜப்பானிய வசன வரியைப் போட்டு ஒருமுறை படியுங்கள். பிறகு நடிகரின் குரலுக்கு அரை விநாடி பின்னால் ஓடிக்கொண்டே கூடவே பேசுங்கள். பத்து முறை. மூச்சு வாங்கும், அதுதான் அளவு.

சண்டைப் படங்களில் நாயகன் தன்னை 'ஒரெ' என்றும் எதிரியை 'ஒமாஎ' என்றும் சொல்வான். மதுரைப் படத்து வில்லன் வசனத்தை வைத்துத் தமிழ் கற்றவர் வங்கி மேலாளரிடம் பேசினால் எப்படி இருக்கும்? அதே கதை.

9. நினைவு அட்டைகளும் கன்ஜியும்

அங்கி என்ற செயலி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. நிறுவியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு நாளைக்கு 20 புதிய அட்டை என்றிருக்கும் அளவை 7ஆகக் குறைப்பது. இருபதாகவே விட்டால், சில வாரங்களில் தினமும் நூற்றைம்பது அட்டைக்கு மேல் திரும்பிப் பார்க்கச் சொல்லும். ஒருநாள் விட்டால் முந்நூறு. அன்றோடு பலர் செயலியை நீக்கிவிடுகிறார்கள். யாரோ செய்த ஆயிரம் அட்டைக் கட்டை இறக்காமல், அன்று நீங்கள் கேட்ட, படித்த சொல்லையே அட்டையாக்குங்கள். ஒரு பக்கம் ஹிரகானாவில் சொல்லும் ஒலியும், மறுபக்கம் தமிழ்ப் பொருள். ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாதீர்கள்.

என்5க்கு அதிகாரப்பூர்வச் சொற்பட்டியலை இப்போது வெளியிடுவதில்லை. ஆசிரியர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு ஏறத்தாழ 800 சொல், 100 கன்ஜி. கன்ஜியைத் தனி எழுத்தாக, அதன் எல்லா உச்சரிப்புகளோடும் படிக்க வேண்டாம். மலை, ஆறு, மனிதர், பார், சாப்பிடு என்று சொல்லாகவே படியுங்கள். மூன்றாம் மாதத்திலிருந்து வாரம் எட்டு போதும்.

10. வகுப்பில் சேர்வதென்றால், பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

ஒருவர் திருத்தினால்தான் உச்சரிப்பு தேறும் என்பதால் மூன்றாம் மாதவாக்கில் வகுப்போ தனி ஆசிரியரோ கிடைப்பது நல்லது. கட்டணத்தை மொத்தமாகப் பார்க்காதீர்கள், வகுப்பு மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 'மூன்று மாதப் படிப்பு' என்றால் வாரம் இரண்டு மணியா எட்டு மணியா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? பதினைந்துக்கு மேல் போனால் வாய் திறக்க வாய்ப்பு வராது. புத்தகமும் தேர்வுக் கட்டணமும் சேர்த்தா? பாதியில் நின்றால் பணம் திரும்புமா? இதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு மாதிரி வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டாம் மாதத்திலும் கரும்பலகையில் ஆங்கில எழுத்து ஓடிக்கொண்டிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

படித்து முடித்ததும், எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்பதைக் குறிப்பிட்ட சான்றை வாங்கி வையுங்கள். ஜப்பானில் மொழிப்பள்ளிக்கு விண்ணப்பித்தால் 150 மணி நேரப் படிப்புச் சான்றோ என்5 சான்றிதழோ கேட்பது வழக்கம்.

11. என்5 தேர்வு: தேதி, ஆவணம், மதிப்பெண்

தேர்வு ஜூலை முதல் ஞாயிறும் டிசம்பர் முதல் ஞாயிறும். சில ஊர்களில் ஒருமுறை மட்டுமே நடக்கும். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் தமிழ்நாடு மையம் நடத்துகிறது. கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூரிலும் மையங்கள் உண்டு. தேர்வுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே விண்ணப்பம் தொடங்கிவிடும், இடம் தீர்ந்தால் மூடிவிடுவதுண்டு. டிசம்பருக்கு எழுத நினைத்தால் ஜூலை கடைசியிலிருந்தே நடத்தும் நிறுவனத்தின் தளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். கட்டணம் நிலையைப் பொறுத்து, ஊரைப் பொறுத்து மாறும். கட்டிய பணம் திரும்பாது என்று வைத்துக்கொண்டே கட்டுங்கள்.

ஆவணங்களாகப் புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டையும் அண்மையில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படமும் தயாராக இருக்கட்டும். பெயரில்தான் நம்மவர்கள் மாட்டுகிறார்கள். இனிஷியலை விரித்து எழுதுவதா, முன்னால் போடுவதா பின்னால் போடுவதா? பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே. பாஸ்போர்ட் இல்லையென்றால், ஜப்பான் போகும் எண்ணமிருந்தால், முதலில் அதை எடுங்கள். சான்றிதழில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் ஒரு பெயருமாக இருந்தால் விசா விண்ணப்பத்தின்போது விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

எல்லாமே சரியான விடையைத் தேர்ந்து வட்டத்தைக் கறுப்பாக்குவது. எழுதவோ பேசவோ சொல்ல மாட்டார்கள். சொல் 20 நிமிடம், இலக்கணமும் வாசிப்பும் 40 நிமிடம், கேட்டல் 30 நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, எதையும் காலியாக விடாதீர்கள். மொத்தம் 180, தேற 80 வேண்டும். ஆனால் முதல் இரண்டு பகுதிக்கும் சேர்த்து 120க்கு 38, கேட்டலில் 60க்கு 19 தனித்தனியாகவும் வேண்டும். மொத்தத்தில் 120 வாங்கியும் கேட்டலில் 18 என்றால் தோல்விதான். ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஓடும். ஒரு கேள்வி தவறிவிட்டால் அதையே நினைத்துக்கொண்டிருந்து அடுத்ததையும் விட்டுவிடாதீர்கள்.

அன்று கொண்டுபோக வேண்டியவை: நுழைவுச் சீட்டு, அடையாள அட்டையின் அசல், எச்பி பென்சில் இரண்டு மூன்று, ரப்பர், சாதாரணக் கைக்கடிகாரம். கைபேசியை அமைதியில் போட்டால் போதாது, முழுவதும் அணையுங்கள். தேர்வறையில் மணி அடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். கேட்டல் பகுதி தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடமாட்டார்கள், அதனால் இடைவேளையில் டீ குடிக்கத் தூரம் போகாதீர்கள்.

ஜூலைத் தேர்வின் முடிவு ஆகஸ்ட் கடைசியிலும் டிசம்பர்த் தேர்வின் முடிவு ஜனவரி கடைசியிலும் இணையத்தில் வரும். பதிவு எண்ணையும் கடவுச்சொல்லையும் நுழைவுச் சீட்டோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள், இரண்டு மாதத்தில் காணாமல் போகும். மதிப்பெண் பகுதி பகுதியாக இருக்கும். கேட்டலில் 30க்குக் கீழே வந்திருந்தால் என்4 புத்தகம் வாங்குமுன் எட்டாம் படிக்குத் திரும்பி, நாளைக்கு 15 விநாடி என்றிருந்ததை முப்பதாக்குங்கள்.